ஃபோன் யார் கையில இருந்துச்சு? ஏழு மாசக் குழந்தையோட மூச்சுத் திணறல், ஒரு நிகழ்வு ஆய்வு

அந்தக் குடும்பத்துக்கிட்ட கேட்டு, அவங்க தாராளமா எழுதுங்கன்னு சொன்னதுக்கு அப்புறம்தான் இதை எழுதுறேன். பேரு, பிளாக் நம்பர், கிளினிக் பேரு எதுவும் போடல. நான் ரொம்ப வருஷம் பிள்ளைங்க வார்டுல ஸ்டாஃப் நர்ஸா இருந்து ரிடையர் ஆனவ, அந்த வீட்டு அப்பாயியை மார்க்கெட்ல பார்த்துப் பார்த்துப் பழக்கம். விஷயம் நடந்து முடிஞ்ச பிறகு அப்பாயி, மகன், மருமக மூணு பேருகிட்டயும் தனித்தனியா உக்காந்து கேட்டேன், கால் லாக், வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாம் நேரத்தோட பார்த்தேன், அதனால யாரு யாருகிட்ட என்ன சொன்னாங்க, அது அடுத்த ஆளுகிட்ட போறப்ப என்னவா மாறுச்சுன்னு ஓரளவுக்கு முழுசா தெரியுது. எனக்கு இந்தக் கேஸ்ல அதுதான் முக்கியமா பட்டுச்சு.

முதல்ல புள்ளைய பத்தி. 7 மாச ஆம்பளப் புள்ள, நிறைமாசத்துல பொறந்தவன், எடை 7.6 கிலோ, தடுப்பூசி எல்லாம் அந்தந்த மாசத்துல போட்டாச்சு, இதுக்கு முன்னாடி பெரிய நோய் எதுவும் கிடையாது. சிங்கப்பூர்ல யீஷூன்ல நாலு ரூம் வீடு. அண்ணன்காரனுக்கு 4 வயசு, சைல்ட்கேர் போறான், அங்கேர்ந்து மாசத்துக்கு ஒரு சளி வீட்டுக்கு வரும், சின்னப் புள்ள இருக்கற வீட்டுல இது எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். அப்பா துவாஸ்ல வேலை, அம்மா மகப்பேறு லீவு முடிஞ்சு சாங்கி பக்கம் ஆஃபீஸ் போக ஆரம்பிச்சுட்டாங்க. பகல்ல புள்ளையப் பார்த்துக்கறது தஞ்சாவூர் பக்கத்துலேர்ந்து வந்திருக்கற அப்பாயி. அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனா நாலு புள்ள பெத்து வளர்த்த கை.

செவ்வாய்க்கிழமை மூக்கு ஒழுக ஆரம்பிச்சுது. புதன் ராத்திரி காய்ச்சல் 38.2, இருமல். வியாழன் காலையில அப்பாயி மகனுக்கு வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்காங்க, நானே கேட்டேன், "தம்பி, புள்ள பால சரியா குடிக்க மாட்டேங்கறான், ரெண்டு வாய் குடிச்சிட்டு மூச்சு வாங்கிட்டு விட்டுடறான், ராவெல்லாம் தூங்கல, நீ டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளு." மகன் வேலை இடத்துல இருந்தே ஒரு ஆப்ல வீடியோ கன்சல்டேஷன் எடுத்தாரு. புள்ள யீஷூன்ல, வீடியோ துவாஸ்ல. அவரு டாக்டர்கிட்ட சொன்னது: சளி, இருமல், கொஞ்சம் காய்ச்சல், மூக்கடைப்பு, பால் கொஞ்சம் கம்மியா குடிக்கறான். அந்த டாக்டர் மூக்குக்கு உப்புத்தண்ணி சொட்டு, பாரசிட்டமால், மோசமானா நேர்ல கூட்டிட்டு வாங்கன்னு சொல்லி முடிச்சுட்டாரு.

அவருகிட்ட வந்து சேர்ந்த தகவலுக்கு அந்தப் பதில் பொருத்தமானதுதான். ஆனா அப்பாயி சொன்ன "ரெண்டு வாய் குடிச்சிட்டு மூச்சு வாங்கிட்டு விட்டுடறான்" அவரு காதுக்குப் போகவே இல்ல. அது மகன்கிட்ட வந்து "பால் கொஞ்சம் கம்மி" ஆயிடுச்சு. மகன் எதையும் மறைக்கல. அம்மா பயந்து சொல்றாங்கன்னு நினைச்சு பயத்தை எடுத்துட்டு மிச்சத்தை சொன்னாரு, அந்தப் பயத்தோட சேர்ந்து நோயோட முக்கியமான அடையாளமும் போயிடுச்சு. குழந்தை பால் குடிக்கறப்ப மூச்சு வாங்கி விட்டுடறதும், பசியில்லாம குடிக்காம இருக்கறதும் முற்றிலும் வேற வேற விஷயம். முதல் வகைன்னா நுரையீரல்ல பிரச்சனை இருக்கலாம்னு எந்தப் பிள்ளைங்க வார்டு நர்சும் உடனே நிமிர்ந்து உக்காருவா.

அந்த டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தா போதும்னு நான் இப்பவும் நினைக்கறேன். புள்ள உங்க பக்கத்துல இருக்கானா?

வெள்ளிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணி தாண்டி மகன் இன்னொரு கால் பண்ணினாரு, இந்தத் தடவை ஆப் இல்ல, மூத்தவனை வழக்கமா காட்டற பிளாக்குக்குக் கீழ இருக்கற கிளினிக்குக்கு. சாயந்திரம் அப்பாயின்மென்ட் கிடைக்குமான்னு கேக்கத்தான் கூப்பிட்டாரு. கவுண்டர்ல இருந்த பொண்ணு 7 மாசம்னு கேட்டதும் லைனை டாக்டர்கிட்ட குடுத்துச்சு. டாக்டர் சீனர், நடுத்தர வயசு பெண், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. மகன் முதல்ல சொன்னது இது: "காய்ச்சல் இன்னும் இருக்கு, ஆனா நேத்தைக்கு இன்னைக்கு பரவாயில்ல, அழுகை குறைஞ்சிருக்கு, அமைதியா இருக்கான்."

டாக்டர் அதுக்கு பதிலே சொல்லாம, நீங்க எங்க இருக்கீங்கன்னு கேட்டாங்க. துவாஸ். புள்ள? வீட்டுல, எங்கம்மாகிட்ட. அப்ப உங்க அம்மாவை இந்த லைன்லயே சேருங்க. இவரு சொல்றாரு, அவங்களுக்கு இங்கிலீஷ் வராது டாக்டர், நீங்க என்கிட்ட கேளுங்க, நான் அவங்ககிட்ட கேட்டுட்டுத் திரும்பக் கூப்பிடறேன். டாக்டர் விடல. "நீங்க பதில் சொல்ல வேணாம், நான் கேக்கறதை அவங்ககிட்ட கேளுங்க, அவங்க சொல்றதை கூட்டாம குறைக்காம அப்படியே எனக்குச் சொல்லுங்க." அவரு கான்ஃபரன்ஸ் கால் போட்டாரு. அங்கேர்ந்து பதினஞ்சு நிமிஷம் நடந்ததுதான் இந்த ஆய்வோட நடுப்பகுதி, அதை கொஞ்சம் விரிவாவே எழுதுறேன்.

டாக்டர் மொதல்ல கேட்டது காய்ச்சல் எத்தனைன்னு இல்ல. நேத்து இருந்ததுக்கும் இன்னைக்கும் என்ன வித்தியாசம் பாக்கறீங்க பாட்டின்னு கேட்டாங்க. அப்பாயி, "நேத்து அழுதான். இன்னைக்கு அழக்கூடத் தெம்பில்ல, மூச்சு விட்டா முனகுறான்." மகன் அதை மொழிபெயர்க்கறப்பவே அவரு குரல் மாறிடுச்சுன்னு அவரே என்கிட்ட சொன்னாரு. அவரு அமைதின்னு நினைச்சது களைப்பு. கைக்குழந்தை அழாம கிடந்தா அது நல்லா ஆகுதா, இல்ல சக்தி தீர்ந்துபோச்சான்னு தூரத்துல இருக்கறவங்களுக்குத் தெரிய வழியே இல்ல, மடியில வச்சிருக்கறவங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

அடுத்து டாக்டர் ஃபோனை புள்ள மூக்குகிட்ட பிடிக்கச் சொன்னாங்க, யாரும் பேசாதீங்கன்னுட்டாங்க. அந்த முனகல் ஒவ்வொரு மூச்சு வெளிய விடறப்பவும் "ம்ஹ்... ம்ஹ்..."னு கேட்டிருக்கு. நுரையீரல்ல காத்துப் பைங்க மூடிடாம இருக்கறதுக்காக குழந்தையோட உடம்பு தானா பண்ற வேலை அது, வலியில முனகறது கிடையாது. (இந்த வித்தை புதுசு இல்ல. ஃபோன் வந்து மூணு வருஷத்துலயே, 1879ல, லான்செட் மருத்துவப் பத்திரிகையில ஒரு குறிப்பு வந்துச்சு: நடு ராத்திரியில ஒரு பாட்டி டாக்டருக்கு ஃபோன் பண்றாங்க, குழந்தைக்கு குரூப் இருமலோன்னு (தொண்டை வீங்கி நாய் குரைக்கற மாதிரி வர்ற இருமல்) பயம், டாக்டர் புள்ளைய ஃபோன்கிட்ட தூக்கிப் பிடிங்க, இருமல் சத்தத்தை நான் கேக்கணும்னு சொல்லி, கேட்டுட்டு இது குரூப் இல்லன்னு சொல்றாரு. அதே 1879லதான் சிங்கப்பூர்லயும் டெலிஃபோன் எக்ஸ்சேஞ்ச் ஆரம்பிச்சாங்க. அந்த டாக்டரும் குழந்தை பக்கத்துல இருந்த பாட்டியைத்தான் நம்பினாரு.)

அப்புறம் மூச்சை எண்ணச் சொன்னாங்க. இதை எப்படி செஞ்சாங்கன்றது எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்க வேண்டியது. மூச்சு வேகமா இருக்கான்னு கேக்கல, அப்படிக் கேட்டா யாரும் ஆமான்னோ இல்லன்னோ மனசுக்குப் பட்டதை சொல்லுவாங்க. சட்டையைத் தூக்கி விட்டுட்டு வயித்தைப் பாருங்க, ஒரு தடவை மேல வந்து கீழ போனா ஒண்ணு, நான் ஸ்டார்ட்னு சொன்னதும் சத்தமா எண்ணுங்க, நிறுத்தச் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க. அப்பாயி தமிழ்ல எண்ண, மகன் வாயைத் திறக்கல, டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. முழு ஒரு நிமிஷம். 66. உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி 2 மாசத்துலேர்ந்து 11 மாசம் வரைக்கும் நிமிஷத்துக்கு 50ஐ தொட்டாலே வேக மூச்சு, 1 வயசுலேர்ந்து 5 வயசு வரைக்கும் 40. பதினஞ்சு செகண்ட் எண்ணி நாலால பெருக்கக் கூடாது, கைக்குழந்தைங்க மூச்சு சீரா இருக்காது, கொஞ்ச நேரம் வேகமா விட்டுட்டு நிக்கும், அப்புறம் திரும்ப ஆரம்பிக்கும். அழறப்ப, பால் குடிக்கறப்ப எண்ணினாலும் தப்பாத்தான் வரும்.

இந்த இடத்துல ஒண்ணு சொல்லணும். டெலிமெடிசினுக்கு, அதாவது ஃபோன்லயும் வீடியோலயும் வைத்தியம் பார்க்கறதுக்கு, 2023 ஜூன்லேர்ந்து இங்க லைசென்ஸ் கட்டாயம். 2024 டிசம்பர்ல சுகாதார அமைச்சு ஒரு டெலிமெடிசின் கிளினிக்கோட லைசென்ஸை ரத்து பண்ணுச்சு, அங்க ரொம்ப ரொம்பக் குறைஞ்ச நேரத்துல முடிஞ்ச கன்சல்டேஷன் ஏராளமா இருந்ததுன்னு செய்தியில வந்தப்ப எனக்கு முதல்ல தோணினது இதுதான்: ஒரு குழந்தையோட மூச்சை எண்ணறதுக்கே முழுசா ஒரு நிமிஷம் வேணும். ஒரு நிமிஷக் கால்ல எதை எண்ணுவாங்க?

பால் விஷயமும் அப்படித்தான் கேட்டாங்க, நல்லா குடிக்கறானான்னு இல்ல, வழக்கமா ஒரு தடவைக்கு எத்தனை மில்லி, இன்னைக்கு காலையிலேர்ந்து ஒவ்வொரு பாட்டில்லயும் எத்தனை மில்லி இறங்குச்சு. அப்பாயி படிப்பு இல்லன்னாலும் பாட்டில் கோடு தெரியும், வழக்கமா 150, இன்னைக்கு 60, அப்புறம் 40, அப்புறம் 30. பாதி கூட இல்ல. பேம்பர்ஸ் கடைசியா எப்ப நனைஞ்சுது? காலையில ஏழு மணிக்கு, அதுக்கப்புறம் காஞ்சுதான் இருக்கு. மணி அப்ப ரெண்டரை.

நிறம் கேட்டப்ப ஒரு சிக்கல் வந்துச்சு. உதடு நீலமா இருக்கான்னு டாக்டர் கேட்டாங்க, அப்பாயி "புள்ளயே மாநிறம் தம்பி, உதடு எப்பவும் கருப்பாத்தான் இருக்கும்"னாங்க. டாக்டர் உடனே நாக்கைப் பாருங்க, ஜன்னல் வெளிச்சத்துல, வாய்க்குள்ளன்னு மாத்தினாங்க. நம்ம புள்ளைங்களுக்கு இதைத்தான் பார்க்கணும், நாக்கு, ஈறு, கண் இமைக்கு உள்பக்கம். வீட்டுல விரல்ல மாட்டற ஆக்சிஜன் மெஷின் வச்சிருக்கறவங்களும் தெரிஞ்சுக்கங்க, கருத்த தோல்ல அது சில சமயம் நிஜத்தை விட அதிகமா காட்டும், பெரியவங்களுக்கான மெஷின் குழந்தை விரல்ல சரியாவும் உக்காராது. இந்தக் குழந்தைக்கு நாக்கு சிவப்பாத்தான் இருந்துச்சு, அது மட்டும்தான் அந்தக் கால்ல கிடைச்ச நல்ல செய்தி.

மருந்து பத்தி கேட்டப்ப இன்னொண்ணு வெளிய வந்துச்சு. வீட்டுல ரெண்டு பாரசிட்டமால் பாட்டில். சின்னவனுக்கு 5 மில்லிக்கு 120 மில்லிகிராம், பெரியவனுக்கு 5 மில்லிக்கு 250. ரெண்டும் இங்க சர்வ சாதாரணமா கிளினிக்ல குடுக்கறதுதான், பாட்டில் சைஸும் ஒண்ணு. எழுத்து தெரியாட்டியும் நம்பர் படிக்கத் தெரியுமே, பாட்டில்ல என்ன நம்பர் போட்டிருக்குன்னு கேளுங்கன்னாங்க டாக்டர். அப்பாயி காலையில கொடுத்த பாட்டிலை எடுத்துப் பார்த்து "ரெண்டு அஞ்சு சைபர்"னு சொன்னாங்க. 4.5 மில்லி. சின்னவன் பாட்டில்ல அது 108 மில்லிகிராம், கிலோவுக்கு 14, சரியான அளவு. பெரியவன் பாட்டில்ல அதே 4.5 மில்லி 225 மில்லிகிராம், கிலோவுக்கு கிட்டத்தட்ட 30, அதாவது ரெண்டு மடங்கு. ஒரே ஒரு தடவைங்கறதால ஈரலுக்கு ஆபத்து வர்ற அளவு அது இல்ல, டாக்டர் பதட்டப்படாம, இனி வேற டோஸ் குடுக்காதீங்க, ஆஸ்பத்திரியில இதை கண்டிப்பா சொல்லுங்கன்னாங்க. அப்பாயியை யாரும் ஒரு சொல் குறை சொல்லல, அதுக்காக அந்த டாக்டர் மேல எனக்கு ரொம்ப மரியாதை. அங்க யாராவது குரலை உசத்தியிருந்தா, அடுத்த கேள்விக்கு அப்பாயி உண்மையைச் சொல்லியிருப்பாங்களான்னு தெரியாது. அடுத்த கேள்வி நெஞ்சுல ஏதாவது தடவினீங்களாங்கறது. தைலம் தடவியிருந்தாங்க. ரெண்டு வயசுக்குக் கீழ கற்பூரம், மெந்தால் இருக்கற தைலம் வேணாம், ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணு சீக்கிரம் உடைஞ்சுபோற பரம்பரைக் குறைபாடு) இருக்கற புள்ளைன்னா இன்னும் வேணாம். இங்க 1965லேர்ந்தே பொறந்த குழந்தைங்களுக்கு அந்த டெஸ்ட் எடுக்கறாங்க, இவனுக்கு நார்மல்னு அப்பா சொன்னாரு. தொடச்சு விடுங்கன்னாங்க.

கடைசியா இருபது செகண்ட் வீடியோ. மூஞ்சி வேணாம், சட்டை இல்லாம நெஞ்சும் வயிறும், வெளிச்சம் ஜன்னல் பக்கத்துலேர்ந்து. அப்பாயி எடுத்து மகனுக்கு அனுப்ப, அவரு கிளினிக் நம்பருக்குத் தள்ளி விட்டாரு. விலா எலும்புக்குக் கீழ ஒவ்வொரு மூச்சுக்கும் தோல் உள்ள இழுத்துக்கிட்டுப் போறது பளிச்சுன்னு தெரியுது (எனக்கும் காட்டினாங்க, வார்டுல எத்தனையோ பார்த்தவளுக்கே வயிறு கலங்குச்சு). டாக்டர் அதைப் பார்த்து அரை நிமிஷத்துல முடிவு சொன்னாங்க: கிளினிக்குக்குக் கொண்டு வர வேணாம், டாக்ஸியும் வேணாம், 995ல ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க.

இங்க மகன் செஞ்சது நல்ல காரியம். அவரு லைனை கட் பண்ணிட்டு 995க்குப் போகல, பக்கத்துல இருந்தவர் ஃபோனை வாங்கி அதுல கூப்பிட்டாரு, ஏன்னா அப்பாயிக்கு போஸ்டல் கோடு தெரியாது, ஆம்புலன்ஸ்காரங்க கேக்கறதுக்கு அவங்களால பதில் சொல்ல முடியாது. டாக்டர் அதுவரைக்கும் லைன்ல இருந்தாங்க. புள்ளைய படுக்க வைக்காம தோள்ல நிமிர்த்தி வச்சுக்கங்க, இப்ப பால் குடுக்காதீங்க, கதவைத் திறந்து வச்சுருங்க, முனகல் நின்னு மூச்சும் நிக்கற மாதிரி இருந்தா உடனே சொல்லுங்க. ஆம்புலன்ஸுக்கு காசு ஆகுமோன்னு அப்பாயி நடுவுல கேட்டிருக்காங்க. நிஜ எமர்ஜென்சிக்கு 995 ஆம்புலன்ஸுக்குக் காசு கிடையாது, ஊர்லேர்ந்து வந்து புள்ளை பார்த்துக்கற பெரியவங்களுக்கு இதை முன்னாடியே சொல்லி வைக்கணும், காசை நினைச்சு தயங்கறவங்க நிறைய.

கேகே ஆஸ்பத்திரி குழந்தைங்க எமர்ஜென்சியில ரத்தத்துல ஆக்சிஜன் குறைஞ்சு 89 சதவீதம்தான் காட்டுச்சு. மூக்கு சளியில ஆர்எஸ்வி, மூச்சுக் குழாயைத் தாக்கற ஒரு வைரஸ். நோய் பேரு பிராங்கியோலைட்டிஸ், நுரையீரல்ல இருக்கற ரொம்பச் சின்னக் குழாய்ங்க வீங்கி சளி அடைச்சுக்கறது, பெரும்பாலும் ஒரு வயசுக்குள்ள வரும். சளி மாதிரி ஆரம்பிச்சு மூணாவது நாள்லேர்ந்து அஞ்சாவது நாளுக்குள்ள தான் உச்சத்துக்குப் போகும், வெள்ளிக்கிழமை இவனுக்கு நாலாவது நாள். வியாழன் கால்ல "எத்தனாவது நாள்"னு யாராவது கேட்டிருந்தா, இன்னும் மோசமாகும், நாளைக்கு நாங்களே கூப்பிடறோம்னு சொல்லியிருக்க முடியும். ஆன்டிபயாடிக் குடுக்கல, வைரஸுக்கு அது வேலை செய்யாது. மூக்குல மெல்லிசா குழாய் வச்சு ஆக்சிஜன், சளியை உறிஞ்சி எடுக்கறது, மூக்கு வழியா வயித்துக்கு இன்னொரு குழாய்ல பால், அவ்வளவுதான் வைத்தியம், மிச்சத்தை உடம்பே பார்த்துக்கும். மூணு ராத்திரி இருந்துட்டு வீட்டுக்கு வந்துட்டான்.

நேர்லயே போயிருக்கலாமேன்னு சிலர் கேக்கலாம். போயிருக்கலாம்தான். 3 மாசத்துக்குக் கீழ இருக்கற குழந்தைக்கு 38 டிகிரி வந்தாலே ஃபோன்ல பேசிக்கிட்டு இருக்கக் கூடாது, நேரா எமர்ஜென்சி. வலிப்பு அஞ்சு நிமிஷம் தாண்டினா, நாக்கு நீலம் தட்டினா, எழுப்பினாலும் முழிக்கலைன்னா யாருக்கும் ஃபோன் பண்ணி அபிப்பிராயம் கேக்க வேணாம், 995. ஆனா மத்த நேரத்துல ஃபோன் உதவாதுன்னு சொல்ல மாட்டேன். அந்த சாயந்திர அப்பாயின்மென்ட்டுக்காகக் காத்திருந்தா இன்னும் நாலு மணி நேரம் போயிருக்கும், அப்பாயி தனியா அந்தப் புள்ளையோட உக்காந்திருப்பாங்க. ரெண்டாவது கால் அந்த நாலு மணி நேரத்தை மிச்சம் பண்ணுச்சு. ஸ்டெதாஸ்கோப் வச்சுக் கேக்க முடியாது, ஆக்சிஜன் அளக்க முடியாது, வயித்தை அமுக்கிப் பார்க்க முடியாது, இதெல்லாம் அந்த டாக்டருக்கும் தெரியும், அதனாலதான் எந்த இடத்துலயும் இது இன்ன நோய்னு சொல்லல, எங்க அனுப்பணும், எவ்வளவு வேகமா அனுப்பணும்னு மட்டும் முடிவு பண்ணினாங்க.

மொழி தெரியாததும் அங்க தடையா இல்ல. ரெண்டு கால்லயும் நடுவுல இருந்தது அதே மகன்தான். வியாழன் அவரு அம்மா சொன்னதை தன்னோட கருத்தா மாத்திச் சொன்னாரு, வெள்ளி அம்மா வார்த்தையை அப்படியே கொண்டு போனாரு. அவரு பக்கத்துல வேற எதுவும் மாறல. வேலைக்குப் போற அப்பா அம்மாக்கள் கிட்ட நான் கேட்டுக்கறது இதுதான், டாக்டர் கேக்காட்டியும் நீங்களே சொல்லுங்க, புள்ள என்கிட்ட இல்ல, பார்த்துக்கறவங்க வீட்டுல இருக்காங்க, அவங்களை லைன்ல சேர்க்கறேன்னு. அது பாட்டியா இருக்கலாம், மெய்டா இருக்கலாம், மாமியாரா இருக்கலாம். புள்ள எத்தனை கிலோ, மருந்து பாட்டில்ல என்ன நம்பர், இந்த ரெண்டையும் அவங்களுக்குத் தெரியற மாதிரி பெருசா எழுதி மருந்து டப்பா மேலயே ஒட்டி வைங்க. பெரியவன் மருந்தும் சின்னவன் மருந்தும் ஒரே தட்டுல வேணாம்.

டிஸ்சார்ஜ் ஆன ரெண்டாவது நாள் அந்தக் கிளினிக் டாக்டரே ஃபோன் பண்ணினாங்க, இந்தத் தடவை மகன் சாயந்திரம் வீட்டுல இருந்தாரு, ஸ்பீக்கர்ல போட்டு அப்பாயி முன்னாடி வச்சுட்டாரு. மூச்சு 38, பால் 120, 130, 120, பேம்பர்ஸ் காலையிலேர்ந்து நாலு, கேக்கறதுக்கு முன்னாடியே அப்பாயி வரிசையா சொல்லிட்டாங்க. இருமல் இன்னும் ரெண்டு மூணு வாரம் இழுக்கும், அதுக்காக பயந்து ஓடி வர வேணாம், மூச்சு வேகமாகாமலும் பால் குறையாமலும் இருக்கறதைப் பார்த்தா போதும்னு டாக்டர் சொல்லிட்டு, இருமல் நின்ன பிறகு ஃப்ளூ ஊசிக்கு கூட்டிட்டு வாங்கன்னு தேதி குடுத்தாங்க.